பெயர்ப்பலகைக்கு மேலே பாருங்கள்

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வின் இரண்டாம் பகுதியில் தேர்வாளர் ஓர் அட்டையை நீட்டுவார். 'உங்களைக் கவர்ந்த ஒரு கட்டடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது அந்த அட்டைகளில் தலைகாட்டும் கேள்விகளுள் ஒன்று. யோசிக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை. சிங்கப்பூரில் இருப்பவருக்கு உடனே மனத்தில் வந்து நிற்பது மரினா பே சேண்ட்ஸ். உயரமானது, அழகானது, உலகப் புகழ் பெற்றது, உச்சியில் நீச்சல்குளம் உண்டு. அரை நிமிடத்தில் சரக்கு தீர்ந்துவிடும். மீதி நேரத்துக்கு அதே அழகு வேறு வேறு வேடம் கட்டி வந்துபோகும்.

ஆங்கிலம் போதவில்லை என்று எண்ணி, பலர் அதன் பிறகு சொற்பட்டியலை உருப்போடக் கிளம்புகிறார்கள். என் கட்சி வேறு. தமிழில் கேட்டிருந்தாலும் அவர்களுக்கு அரை நிமிடம்தான் வந்திருக்கும். அந்தக் கட்டடத்தைப் படத்தில் பார்த்திருக்கிறார்களே தவிர, எதிரில் நின்று பார்த்ததில்லை. தேர்வில் மதிப்பெண் கிடைப்பது சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு ஆகிய நான்குக்குத்தான். கட்டிய ஆண்டைத் தவறாகச் சொன்னால்கூட யாரும் மதிப்பெண்ணைக் குறைக்கப்போவதில்லை. ஆனால் கண்ணால் பார்த்த விவரம் இல்லாதவருக்குச் சரளம் எங்கிருந்து வரும்? ஆகவே முதலில் பார்க்கப் பழகுவோம். அதற்கு லிட்டில் இந்தியா எனப்படும் நம் தேக்காவை விடத் தோதான இடம் இந்தத் தீவில் இல்லை.

நம்மவர்கள் தேக்காவுக்குக் கறிவேப்பிலை வாங்கப் போவார்கள், ஊருக்குப் பணம் அனுப்பப் போவார்கள், வாழை இலையில் சாப்பிடப் போவார்கள். கட்டடம் பார்க்கப் போவதில்லை. கடைத்தெருவின் குணமும் அப்படி. பூமாலையும் நகைக்கடை வெளிச்சமும் கண்ணைக் கீழேயே பிடித்துவைத்துக்கொள்ளும். எனவே முதல் வேலை, எதிர்ச்சாரிக்குப் போய் நின்று கடைப் பெயர்ப்பலகைக்கு மேலே பார்ப்பது. கீழ்த்தளம் வாடகைக்காரர் மாறும்போதெல்லாம் முகம் மாறியிருக்கும். மேல்தளம்தான் பழைய ஆள்.

கடைவீட்டின் அந்த மேல்தளத்தில் என்ன இருக்கிறது? ஒடுங்கிய முகப்பு, அதில் வரிசையாக இரண்டோ மூன்றோ ஆளுயரச் சன்னல்கள். சாய்வுச் சட்டங்கள் கோத்த மரக்கதவுகள் வெயிலையும் சாரலையும் தடுத்துக் காற்றை மட்டும் உள்ளே விடும். சன்னலுக்கு மேலும் சிறு காற்றுத்துளைகள், சில வீடுகளில் அவற்றையே பூவேலையாக்கியிருப்பார்கள். முகப்பு ஏன் இவ்வளவு குறுகல் என்று கேட்டுப் பாருங்கள். ஒரு பக்கச் சுவரிலிருந்து மறுபக்கச் சுவருக்கு மர உத்திரம் எட்ட வேண்டும். உத்திரத்தின் நீளமே கடையின் அகலத்துக்கு எல்லை. அகலத்தில் விட்டதை நீளத்தில் பிடித்தார்கள். நீளம் கூடியதும் உள்ளே இருட்டு வந்தது, இருட்டைப் போக்க நடுவில் வானம் பார்த்த முற்றம் வைத்தார்கள். இந்தக் காரணச் சங்கிலி ஒன்றே தேர்வில் முக்கால் நிமிடத்துக்குத் தாங்கும்.

நீங்கள் நிற்கும் கூரையிட்ட நடைபாதைக்கும் கதை உண்டு. வீடுகள் ஒவ்வொன்றும் தெருப்பக்கம் எப்போதும் திறந்திருக்கும் தாழ்வாரம் விட வேண்டும், அவை ஒன்றோடொன்று சேர்ந்து தொடர் பாதையாக வேண்டும் என்று 1822இல் நகரத் திட்டக் குழுவுக்கு ராஃபிள்ஸ் கட்டளை கொடுத்தார். ஐந்தடி நடைபாதை என்று இன்று நாம் சொல்வது அதைத்தான். சொந்தக்காரரின் நிலத்தில் பொதுமக்கள் நடக்கும் வழி. அதில் காய்கறிக் கூடையை இறக்கிவைக்கும் கடைக்காரருக்கும் நடப்பவருக்கும் உள்ள தகராறுக்கும் ஏறக்குறைய அதே வயது.

முகப்பு அலங்காரத்தைப் பார்த்தே காலத்தை ஓரளவு மதிப்பிடலாம். தாழ்ந்த இரண்டு மாடி, அலங்காரம் குறைவு என்றால் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டு. 1900க்குப் பிறகு கையில் காசு புரண்ட காலத்தில் தூண், மாலை வேலை, பூப்போட்ட பளபளப்பு ஓடு எல்லாம் முகப்பில் ஏறின. தேக்காவிலிருந்து சற்று நடந்து பெட்டேன் ரோட்டுக்குப் போனால் 1930 வாக்கில் கட்டிய 18 வரிசை வீடுகளில் அந்த ஆசை உச்சத்தில் இருப்பதைப் பார்க்கலாம். தூணிலும் ஓடு, சுவரிலும் ஓடு. எனக்குக் கொஞ்சம் திகட்டும், ஆனால் பேசுவதற்கு அள்ள அள்ளக் குறையாது. முப்பதுகளிலிருந்து பூ உதிர்ந்து நேர்க்கோடு வந்தது, நெற்றியில் கட்டிய ஆண்டைப் பொறிக்கும் வழக்கமும் பரவியது.

இனி கெர்பாவ் ரோட்டில் உள்ள டான் டெங் நியா வீடு. சுற்றுலாக்காரர்கள் வரிசை கட்டிப் படம் எடுக்கும் வண்ண வீடு அது. சன்னல் சட்டம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். 1900இல் மிட்டாய்த் தொழில் செய்த சீன வணிகர் கட்டியது, லிட்டில் இந்தியாவில் மிஞ்சியிருக்கும் கடைசிச் சீன மாளிகை. இன்றைய வண்ணங்கள் அவர் காலத்தவை அல்ல, பிற்காலத்துப் பூச்சு. ஆகவே நிறத்தை மனத்தால் ஒருமுறை கழுவிவிட்டுப் பாருங்கள். வாசலில் இடுப்புக்குச் சற்று மேல்வரை நிற்கும் செதுக்குவேலைக் குட்டைக் கதவுகள் தெரியும். பெரிய கதவைத் திறந்துபோட்டுக் காற்று வாங்கலாம், தெருவில் போகிறவர் கண்ணும் உள்ளே விழாது. மேலே பொன்பூச்சுப் பெயர்ப்பலகை. சீனர் வீடு இங்கே ஏன் வந்தது என்றால், இந்த வட்டாரம் கடைத்தெரு ஆகும் முன் மாட்டுக்கொட்டகைகளும் அவற்றை ஒட்டிய தொழிற்சாலைகளும் இருந்த இடம். தொழில் நடந்த இடத்தில் முதலாளி வீடு கட்டினார். எருமையின் பெயரை இன்றும் சுமக்கும் தெருக்கள் அதற்குச் சாட்சி.

டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கஃபூர் பள்ளிவாசலுக்கு முன் நின்றால், என்னைக் கேட்டால், இந்த வட்டாரத்திலேயே நுணுக்கமான ஒரு பொருளைப் பார்க்கலாம். 1907இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல் அது. முதன்மை வாயிலின் உச்சியில் கதிர் விரிக்கும் சூரியன். கதிர்களை எண்ணுங்கள், 25 வரும். ஒவ்வொன்றிலும் ஒரு நபியின் பெயர் அரபு எழுத்தில். கீழே ஐரோப்பியத் தூண்கள், மேலே பிறையும் குவிமாடமும். வெவ்வேறு கண்டத்துச் சரக்கை இவ்வளவு சின்ன இடத்தில் சண்டையில்லாமல் உட்காரவைத்த கொத்தனாரின் தைரியத்தை நினைத்துப் பாருங்கள்.

கோயில் கோபுரத்தைப் பற்றித்தான் தமிழர்கள் மோசமாகப் பேசுகிறோம். சிறுவயதிலிருந்து பார்த்ததால் விளக்க வேண்டும் என்றே தோன்றுவதில்லை. தேர்வாளருக்கு அது தெரியாது என்று வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கோயிலின் உயரமான பகுதி சாமி இருக்கும் இடத்தில் இல்லை, வாசலில் இருக்கிறது. கருவறையின் மேல் உள்ள விமானம் அதைவிடத் தாழ்ந்தது. வெளியூர்க்காரருக்கு இதுவே வியப்பாக இருக்கும். அடுத்து, நிலைகள் மேலே போகப்போகக் குறுகுவதால் கோபுரம் உள்ளதைவிட உயரமாகத் தெரிகிறது. உருவங்கள் கல்லில் செதுக்கியவை அல்ல, செங்கல்லின்மேல் சுதையால் வடித்து வண்ணம் தீட்டியவை. சிராங்கூன் சாலை ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலின் கோபுரம் எழுந்தது இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில். கோயில் அதைவிட நூறாண்டுக்கும் மேல் மூத்தது.

சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலை எடுத்துக்கொண்டால் இன்னும் சுவை கூடும். 1827இல் மரமும் அத்தாப்பும் வைத்துத் தொடங்கிய கோயில். பிறகு செங்கல் வந்தது. 1903இல் ஒரு கோபுரம், அதை எடுத்துவிட்டு 1925இல் இப்போதுள்ள ஆறு நிலைக் கோபுரம். 2023 பிப்ரவரியில் நடந்த குடமுழுக்குக்காக உருவங்களெல்லாம் மறுபடி வண்ணம் கண்டன. தெய்வங்களுக்கு நடுவே காக்கிச் சட்டை போட்ட சிப்பாய்களும் நிற்பார்கள், தேடிப் பாருங்கள்.

தேர்வின் மூன்றாம் பகுதியில் பழைய கட்டடங்களைக் காக்க வேண்டுமா, இடித்துப் புதிதாகக் கட்டலாமா என்று கேள்வி வரலாம். பெரும்பாலோர் வரலாறு முக்கியம் என்று ஒரு வரி சொல்லி முடித்துக்கொள்வார்கள். நமக்குக் கையிலேயே இரண்டு எடுத்துக்காட்டு இருக்கிறது. லிட்டில் இந்தியாவைப் பாதுகாப்பு வட்டாரமாக அரசு 1989இல் அறிவித்தது. அங்கே கடைவீட்டின் முகப்பை இருந்தபடியே காக்க வேண்டும், உள்ளே விடுதியோ அலுவலகமோ நடக்கலாம். கோயிலில் நேர்மாறு. முகத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பூச்சு, உள்ளே நடக்கும் பூசை மட்டும் மாறுவதில்லை. இரண்டில் எது உண்மையான பாதுகாப்பு? நான் கோயில் கட்சி. நீங்கள் எதிர்க்கட்சியில் நின்றாலும் வாதாடுவதற்கு நல்ல விஷயம் கிடைத்துவிட்டது.

தேக்காவை விட்டு வெளியே வருவோம். சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கத்தில் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயத்தை ஆங்கிலேயர் கட்டடம் என்று கடந்துபோகிறோம். 1862இல் அர்ச்சிக்கப்பட்ட அந்த ஆலயத்தை எழுப்பியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உட்சுவருக்கும் தூணுக்கும் அவர்கள் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. மணல் கலக்காத கிளிஞ்சல் சுண்ணாம்பை முட்டை வெள்ளையோடும் நாட்டுச் சர்க்கரையோடும் சேர்த்து அரைத்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்துப் பூசி, காய்ந்ததும் கல்லால் தேய்த்து மெருகேற்றினார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரைத் தடவிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கைவேலையின் உறவு புரியும். கூரிய வளைவுச் சன்னல்கள் இங்கிலாந்திலிருந்து வந்த யோசனை, பூச்சு நம் பக்கத்துக் கொத்து வேலை. ஒரே சுவரில் இரண்டையும் காட்டிப் பேசுங்கள்.

புதுக் கட்டடங்களுக்கும் அதே கேள்விதான், இது என்ன வேலை செய்கிறது? எஸ்பிளனேடை எல்லாரும் டுரியான் என்பார்கள், நீங்களும் சொல்லிவிட்டு நின்றுவிடாதீர்கள். 2002இல் திறந்த அந்த அரங்கின் முள் ஒவ்வொன்றும் அலுமினிய வெயில்தடுப்பு. ஏழாயிரத்துக்கும் மேல் இருக்கும். அவை இல்லாவிட்டால் நிலநடுக்கோட்டு வெயிலில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. கேம்பல் லேனில் 2015இல் திறந்த இந்திய மரபுடைமை நிலையம் வட இந்தியப் படிக்கிணற்றை மனத்தில் வைத்து வடித்தது. பகலில் ஒருமுறை, இரவில் உள்விளக்கு எரியும்போது ஒருமுறை பார்க்க வேண்டும், இரண்டும் வேறு வேறு கட்டடம். மரினா பே சேண்ட்ஸ்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் நீச்சல்குளத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டில் நின்று கால்களைப் பாருங்கள். கோபுரம் ஒவ்வொன்றும் இரண்டு காலில் நிற்கிறது, ஒரு கால் சாய்ந்து வந்து மற்றதோடு சேர்கிறது. அதைக் கையை அசைத்து விளக்கத் தொடங்கினால் பதற்றம் பாதி குறைந்துவிடும்.

இத்தனைக்கும் பிறகு, பேச மிக எளிதான கட்டடம் உங்கள் வீவக புளோக்தான். நாட்டு மக்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வசிப்பது அத்தகைய வீடுகளில். கீழ்த்தளத்தை ஏன் காலியாக விட்டார்கள், அங்கே ஒரு நாள் மலாய்க் கல்யாணமும் இன்னொரு நாள் சீனர் துக்கமும் எப்படி நடக்கின்றன, தாழ்வாரத்தில் எந்த நேரத்துக்குக் காற்று வரும், பக்கத்து வீட்டுச் செடி எவ்வளவு தூரம் எல்லை தாண்டியிருக்கிறது என்பதெல்லாம் உங்களைவிட யாருக்குத் தெரியும்? புகழ் இல்லாத கட்டடம் என்று தயங்க வேண்டாம், அட்டையில் புகழ் கேட்கவில்லை.

குறிப்பெடுக்கத் தரும் அந்த ஒரு நிமிடத்தில் வாக்கியம் எழுதாதீர்கள். எங்கே நிற்கிறேன், கண்ணில் பட்ட ஒரு பொருள், அது செய்யும் வேலை, அதைப் பயன்படுத்தும் ஓர் ஆள், என்ன மாறிப்போயிற்று என்று நாலைந்து சொல் போதும். மனப்பாடம் செய்த கட்டுரையைத் தேர்வாளர் இரண்டாவது வாக்கியத்திலேயே மோப்பம் பிடித்துவிடுவார்.

போவதானால் வாரநாள் காலையில் போங்கள். ஞாயிறு மாலை தேக்காவில் மனிதத் தலைகளைத் தவிர வேறெதுவும் தெரியாது. கோயில்களில் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள், கோபுரம் பார்க்க அது தடையில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது சுதை உருவங்களின் மடிப்புகளும் கடைவீட்டுப் பூவேலையும் நிழலோடு எழும்பித் தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரே ஒரு கட்டடத்தைத் தேர்ந்து, கூட வரும் நண்பரிடம் அங்கேயே நின்று இரண்டு நிமிடம் சொல்லிப் பாருங்கள். முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில்.