காற்று ஓரூரில், வருவாய் வேறூரில்

கர்நாடகத்தில் காற்றாலைகளின் நிறுவுதிறன் 7,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. அவற்றில் பெரும்பங்கு சித்திரதுர்கா, கதக் போன்ற வறண்ட மாவட்டங்களின் குன்றுகளிலும் கரிசல் வெளிகளிலும் நிற்கிறது. மைசூரு வட்டாரத்தில் அந்த அளவுக்குக் காற்று இல்லை. ஆனாலும் சாமுண்டேஸ்வரி மின் வழங்கல் நிறுவனத்தின் கம்பி வழியே மைசூரு வீடுகளுக்கு வரும் மின்சாரத்தில் அந்தத் தொலைவூர்க் காற்றும் கலந்தே வருகிறது. மின்சாரம் பிறந்த இடத்தை விட்டு வெளியூர் போவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. 1902இல் மைசூர் அரசு சிவனசமுத்திரத்துக் காவிரி அருவியில் மின்சாரம் எடுத்தபோது, அது முதலில் போனது ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தள்ளியிருந்த கோலார் தங்கச் சுரங்கத்துக்கு. பெங்களூருவுக்கு 1905இலும் மைசூருக்கு 1908இலும்தான் மின்விளக்கு வந்தது.

காற்றாலையின் நல்ல பக்கத்தை மறுப்பதற்கில்லை. அதற்கு நிலக்கரி வேண்டாம், தண்ணீர் வேண்டாம், புகையும் சாம்பலும் இல்லை. அணை கட்டினால் ஊரே மூழ்கும். அனல்மின் நிலையம் வந்தால் குளமும் வயலும் சாம்பல் பூக்கும். காற்றாலையோ தூணுக்கும் பாதைக்கும் போக மிச்ச நிலத்தை உழவுக்கே விட்டுவிடுகிறது. கர்நாடகத்துக்கு இன்னொரு வசதியும் உண்டு. தென்மேற்குப் பருவக்காற்று ஓங்கும் மாதங்களில் காற்றாலைகள் நிறையச் சுற்றுவதால், ஷராவதி அணைநீரைக் கோடைக்குச் சேமித்து வைக்க முடிகிறது. பருவம் முடிந்தால் உற்பத்தி சரிந்துவிடும் என்பது இதன் மறுபக்கம்.

இவை மாநிலத்துக்கான கணக்கு. ஊருக்கான கணக்கு வேறு. 2 மெகாவாட் எந்திரம் ஒன்று நல்ல இடத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 45 லட்சம் யூனிட் தரும். அதன் அடியில் இருக்கும் ஊருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நிலத்தை விற்ற பணம் அல்லது குத்தகை, கட்டுமான நாட்களின் கூலி, அதன்பின் ஓரிரு காவலாளி வேலை. நிலமில்லாதவர்களுக்குக் கூலியும் காவலாளி வேலையும்தான் மிச்சம். நண்பகலில் தூணின் நிழலில் ஆடுகள் படுத்திருக்கும். நிழல் நகர நகர அவையும் எழுந்து நகரும். எந்திரத்திலிருந்து மேய்ச்சல்காரருக்கு நேரடியாகக் கிடைக்கும் பயன் அந்த நிழல்தான் என்றால் மிகையில்லை.

இந்த நிலைக்குக் காரணம் காற்றல்ல, முதலீட்டின் அமைப்பு. தமிழ்நாட்டில் 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் தொடங்கிய காற்றாலைத் தொழில், முப்பந்தல், ஆரல்வாய்மொழி, கயத்தாறு எனப் பரவியது வரிச்சலுகையின் பலத்தில். எந்திரத்தின் விலையை முதல் சில ஆண்டுகளிலேயே தேய்மானமாகக் காட்டிக் கழிக்கலாம் என்றிருந்தது. அந்த விகிதம் 80 விழுக்காடாக இருந்து 2017இல் 40 ஆனது. ஆகவே வருமான வரி கட்டும் அளவுக்கு லாபம் காண்பவருக்கே காற்றாலை கட்டுப்படியானது. கொங்கு மண்டலத்து நூற்பாலைகள் தென்கோடியில் எந்திரம் நிறுவி, மின்சாரத்தை மின்வாரியக் கம்பியில் அனுப்பித் தங்கள் ஆலையில் எடுத்துக்கொண்டன. மானாவாரி விவசாயிக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

மகாராஷ்டிரத்தின் சாத்தாரா மாவட்டத்தில் மழை பொய்த்தபோது, காற்றாலைகள் மேகத்தை விரட்டுகின்றன என்று மக்கள் குற்றஞ்சாட்டினார்கள். அறிவியல்படி அது தவறு. ஆனால் தம் தலைக்கு மேல் யாரோ எதையோ எடுத்துப் போகிறார்கள் என்ற உணர்வைத் தவறென்று தள்ள முடியாது. அதே மாவட்டத்தின் சால்கேவாடி பீடபூமியில் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. காற்றாலைப் பகுதியில் வேட்டைப் பறவைகள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன. அவற்றுக்கு இரையாகும் விசிறித்தொண்டை ஓணான்கள் பெருகியிருந்தன, ஆளைக் கண்டாலும் அவ்வளவாக மிரளவில்லை. இந்த மாற்றமோ மேகக் குற்றச்சாட்டைப் போல ஊர்ப்பேச்சாகவில்லை. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் காற்றாலைத் திட்டங்கள் இடம்பெறவில்லை. அதனால் அந்த அறிவிக்கை கோரும் பொதுமக்கள் கருத்துக்கேட்பும் இவற்றுக்குக் கட்டாயமில்லை. புகையில்லாத தொழில் என்ற நற்பெயரே கேள்வி கேட்கும் வாய்ப்பை அடைத்துவிட்டது.

வேறுவழி இருந்தது. டென்மார்க் 2008இல் கொண்டுவந்த சட்டம், புதிய காற்றாலைத் திட்டத்தின் 20 விழுக்காடு பங்கையேனும் சுற்றுவட்டார மக்களுக்கு விற்பனைக்கு வைக்கச் சொன்னது. இந்தியாவில் அதற்கு நெருங்கிய உதாரணம் கோவை மாவட்டத்து ஓடந்துறை. 2006இல் அந்த ஊராட்சி, தலைவர் ஆர். சண்முகம் காலத்தில், சேமிப்போடு வங்கிக் கடனும் சேர்த்து ஒன்றரைக் கோடி ரூபாய்க்குச் சற்று மேல் செலவிட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் ஆகும் மின்கட்டணத்தை ஈடுகட்டி, மிஞ்சியதை மின்வாரியத்துக்கு விற்றது. ஊராட்சி இருக்கும் மேட்டுப்பாளையம் அருகில் போதிய காற்று இல்லாததால், அந்த எந்திரம் நின்றது உடுமலைப்பேட்டை அருகே மைவாடியில்.