கேள்வித்தாளை யாரிடம் நீட்டுவது?

ஆகஸ்ட் முதல் வாரம் தாய்ப்பால் வாரம். அதையொட்டி, பிரசவ வார்டில் படுத்திருப்பவரிடம் கேள்வித்தாளை நீட்டுகிறார்கள். சீம்பால் என்றால் என்ன, எத்தனை மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று கேட்டு மதிப்பெண் போட்டு, 'தாய்மார்களுக்குப் போதிய அறிவு இல்லை' என்று முடிக்கிறார்கள். செவிலியர் கல்லூரிகளில் இது சடங்காகவே ஆகிவிட்டது.

தாய்ப்பால் பிரசாரம் வீண் என்று சொல்ல வரவில்லை. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதும் சேனை வைப்பதும் தவறென்று வீடுவரை கொண்டுபோய்ச் சேர்த்தது அதுதான்.

ஆனால் தமிழ்நாட்டில் இன்று ஏறக்குறைய எல்லாப் பிரசவமும் மருத்துவமனையில்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி அதில் சுமார் 45 சதவீதம் சிசேரியன். கையில் டிரிப்ஸ், வயிற்றில் தையல், ஒருக்களித்துப் படுக்கக்கூட முடியாத நிலை. முதல் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுக்க வேண்டும் என்பது அந்தத் தாய்க்கு நன்றாகவே தெரியும். குழந்தையைக் கொண்டுவந்து மார்போடு அணைத்துப் பிடிக்க ஆள் வேண்டுமே! காம்பை மட்டுமல்ல, கருவளையத்தையும் சேர்த்துக் கவ்வவைக்க வேண்டும். அது பழகிய கை பக்கத்தில் இருந்து காட்டித்தர வேண்டிய வேலை. நான்கு விடைகளில் ஒன்றை டிக் செய்து கற்றுக்கொள்வதல்ல.

முதல் இரண்டு நாள் சொட்டுச் சொட்டாகத்தான் சுரக்கும். பிறந்த குழந்தைக்கு அதுவே போதும். சிசேரியனானால் பால் கட்ட இன்னும் தாமதமாகலாம். அதற்குள் குழந்தை அழுதால் 'பால் பத்தலை' என்கிறார்கள் உறவினர்கள். இரவு டியூட்டியில் இருப்பவருக்கோ பல படுக்கைகள். 'பவுடர் வாங்கிட்டு வாங்க' என்ற பேச்சு அங்கேதான் பிறக்கிறது. குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டிப்பாலில் வயிறு நிறைந்த குழந்தை மார்பைத் தேடாது, சுரப்பும் குறையும். பத்தாது என்று சொன்னது அப்படித்தான் பலிக்கிறது. பால்மாவு விளம்பரத்தையும் இலவச மாதிரியையும் தடுக்கும் சட்டம் 1992இலேயே வந்துவிட்டது. வார்டிலிருந்து சீட்டு எழுதிக் கொடுத்தால் விளம்பரம் எதற்கு?

தேவையில்லாத டின்னை வாங்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அதே பெண்ணிடம் 'ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்' என்பது தெரியுமா என்று கேட்பது அநியாயம். பிறந்து எத்தனை நிமிடத்தில் குழந்தையை மார்பில் போட்டீர்கள், இரவில் தாயின் பக்கத்தில் உட்கார்ந்தது யார், பவுடர் டின்னை முதலில் கேட்டது யார்? இந்தக் கேள்விகளை வார்டுப் பொறுப்பாளரிடம் கேட்டு, மதிப்பெண்ணையும் அவருக்கே போடுங்கள்.