யாருடைய பள்ளி? – பார்பியானா மாணவர் கடிதத்தை முன்வைத்து

தேர்வு முடிவுகள் வெளியாகும் நாளில் நம் பள்ளிகளின் வாயிலில் தட்டிகள் எழுகின்றன. நூற்றுக்கு நூறு தேர்ச்சி என்னும் பெரிய எழுத்துகளுக்குக் கீழே, முதல் மதிப்பெண் பெற்றோரின் படங்கள் அணிவகுக்கின்றன. அவற்றைக் கண்டு மகிழாத பெற்றோர் இல்லை. மகிழ்வதில் பிழையும் இல்லை. ஆனால், ஆறாம் வகுப்பில் அவர்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருந்து, பத்தாம் வகுப்பு வருமுன் காணாமற்போன பிள்ளை எங்கே என்பதை எந்தத் தட்டியும் சொல்வதில்லை. அந்தக் கேள்வியையே ஒரு நூலாக எழுதியவர்கள் எட்டு இத்தாலியச் சிறுவர்கள்.

1967 மே மாதம் வெளியான ‘ஓர் ஆசிரியைக்குக் கடிதம்’ என்னும் அந்நூல், பிளாரன்ஸ் நகருக்கு வடக்கே முகெல்லோ மலைப்பகுதியிலுள்ள பார்பியானாவில் உருவாயிற்று. அதை ஊர் என்பதுகூட மிகைதான். ஒரு கோவில், குருவின் இல்லம், சிறிய கல்லறைத் தோட்டம், மலைச்சரிவில் சிதறிக் கிடந்த சில குடியானவர் வீடுகள், அவ்வளவே. 1954 டிசம்பரில் அருட்தந்தை லொரென்சோ மிலானி அங்கு அனுப்பப்பட்டபோது மின்சாரம் கிடையாது. அவ்வாறு அனுப்பியதைப் பணி மாற்றம் என்பதைவிட ஒதுக்கிவைப்பு என்றே பலரும் புரிந்துகொண்டனர். அவரோ அங்கேயே ஒரு பள்ளியைத் தொடங்கினார். அரசுப் பள்ளிகளில் தேர்ச்சி பெறாமல் வெளியேறிய பிள்ளைகளே அங்கு மாணவர்கள். நாள் முழுவதும் வகுப்பு; விடுமுறை என்பதே இல்லை. செய்தித்தாள் பாடநூலாயிற்று. மூத்தவன் இளையவனுக்கு ஆசிரியனானான்.

அங்குப் படித்து, ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்குச் சென்று, அங்கே மீண்டும் தேர்வில் வீழ்த்தப்பட்ட மாணவரின் அனுபவமே கடிதத்தின் தொடக்கம். ஆளுக்கொரு சீட்டில் எண்ணங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றை வகைப்படுத்தி, தேவையற்றவற்றை வெட்டி, ஏறத்தாழ ஓராண்டு காலம் கூட்டாக உழைத்து அவர்கள் இதை எழுதினர். பள்ளிகளிலிருந்து தேர்வுக் கணக்குகளைத் திரட்டி, எந்தத் தொழில் செய்யும் தந்தையரின் பிள்ளைகள் எந்த வகுப்பில் உதிர்ந்தனர் என்று அட்டவணை இட்டனர். 1962 இல் இத்தாலி இயற்றிய சட்டம் பதினான்கு வயதுவரை அனைவருக்கும் ஒரே நடுநிலைப் பள்ளி என்று அறிவித்திருந்தது. வாயிற்கதவு அனைவருக்கும் திறந்திருந்தும், ஏழையின் பிள்ளை தேர்வு என்னும் பின்கதவால் வெளியேற்றப்பட்டதை அந்த அட்டவணைகள் காட்டின.

சமூகவியலார் இதைப்பற்றி என்ன சொன்னார்கள்? எமில் துர்க்கைம் மறைந்தபின் 1922 இல் நூல்வடிவம் பெற்ற ‘கல்வியும் சமூகவியலும்’, கல்வியை இளைய தலைமுறையை முறைப்படி சமூகவயமாக்கும் செயல் என்று விளக்கியது. அவர் பார்வையில், பொதுவான விழுமியங்களை ஊட்டிச் சமுதாயத்தைப் பிணைப்பது பள்ளி. அமெரிக்கரான தால்காட் பார்சன்ஸ் 1959 இல் எழுதிய கட்டுரையில், பிறப்பைக் கொண்டன்றி அடைவைக் கொண்டு மனிதரை வேலைக்கும் பொறுப்புக்கும் பிரித்தனுப்பும் இடமாக வகுப்பறையைக் கண்டார். இருவரும் சொல்வது பொய்யன்று. சாதியாலும் செல்வத்தாலும் பிரிந்து வாழ்வோர் ஒரே மணியோசைக்கு எழுந்து நிற்பது பள்ளியில்தான். எனினும் ஏணியில் ஏறியவரைக் கொண்டே ஏணியை மதிப்பிடும் குறை இப்பார்வையில் உண்டு.

அக்குறையைச் சுட்டிக்காட்டியவர் பியர் பூர்தியு. பிரான்சின் தென்மேற்கு மூலையில் அஞ்சல் ஊழியர் ஒருவரின் மகனாகப் பிறந்த அவர், ழான் குளோத் பாஸ்ரோனுடன் இணைந்து 1964 இல் ‘வாரிசுகள்’ என்னும் நூலை வெளியிட்டார். சொத்தைப்போலவே மொழியும் பழக்கமும் நூல்களோடுள்ள உறவும் குடும்பத்தில் கைமாறுகின்றன; பள்ளி அந்தப் பண்பாட்டு மூலதனத்தை இயல்பான அறிவுத்திறன் என்று எண்ணிப் பரிசளிக்கிறது என்பது அவர்களது வாதம். 1970 இல் வந்த ‘மறு உற்பத்தி’ என்னும் நூல் அதனை ஒரு முழுக் கோட்பாடாக்கியது.

பார்பியானாச் சிறுவர்கள் இதே உண்மையை இரண்டு மாணவர்களின் வழியாகக் கண்டனர். மருத்துவர் மகன் பியெரினோ பள்ளிக்கு வருமுன்பே எழுத்தறிந்து வருகிறான். வீட்டில் பேசும் மொழியே அவனுக்குப் பாடமொழி. ஜான்னியின் வீட்டிலோ வேறு பேச்சு. அவன் பிழைபடப் பேசுகிறான் என்று பள்ளி திருத்துகிறது, பிறகு தோற்கடிக்கிறது, இறுதியில் அவன் வேலைக்குப் போய்விடுகிறான். பூர்தியு புள்ளிவிவரங்களில் கண்டவனுக்கு இந்நூல் ஒரு பெயரையும் முகத்தையும் தந்தது. அதுவே இதன் முதற்சிறப்பு.

ஆனால் என் பார்வையில் இதன் பெருஞ்சிறப்பு வேறொன்று. மறு உற்பத்திக் கோட்பாட்டைப் படித்து முடிக்கும் ஆசிரியர் பெருமூச்சு விடுவார்; தம்மால் ஆவது ஒன்றுமில்லை என்ற முடிவுக்கும் வரக்கூடும். அம்முடிவை மிலானியின் வாழ்வே மறுக்கிறது. அவர் பிளாரன்சின் செல்வமும் கல்வியும் மிக்க குடும்பத்தில் பிறந்தவர். இளமையில் ஓவியம் பயின்றவர். கடிதம் சாடும் பியெரினோவின் வகுப்பைச் சேர்ந்தவர் அவரே! தம் மூதாதையர் சேர்த்த மொழிச்செல்வத்தை அவர் தம் இரத்த உறவு அல்லாதார்க்கு எழுதிவைத்தார். வாரிசு உரிமை பிறப்போடு முடிவதில்லை, அதை மாற்றி எழுத முடியும் என்பதற்கு, அந்தப் பண்ணைவீட்டுப் பிள்ளைகள் எழுதிய இந்தத் தெளிந்த உரைநடையே சான்று.

நூலில் குறைகள் இல்லாமலில்லை. ஓர் அமைப்பின் குற்றம் முழுவதையும் ஒரே ஆசிரியையின் தலையில் சுமத்துகிறது. அவருக்கும் ஒரு மேலதிகாரியும் ஒரு பாடத்திட்டமும் இருந்திருக்கும் என்பதை அது பொருட்படுத்துவதில்லை. பியெரினோ ஒரு பிள்ளையாக அன்றி ஒரு வகுப்பின் சின்னமாகவே வருகிறான்; அவனும் எதையோ இழந்திருக்கலாம் என்ற எண்ணம் எழவில்லை. பார்பியானாவில் மாணவியர் மிகச் சிலரே. பெண்பிள்ளை மலையேறிப் பள்ளிக்கு வராததன் வேர்களை நூல் ஆழமாகத் தோண்டவில்லை. மேலும், தம் வாழ்வு முழுவதையும் ஈந்த ஒரு துறவியின் உழைப்பை, குடும்பத்தோடு வாழும் ஆசிரியர் எல்லாரிடமும் எதிர்பார்ப்பது நீதியாகுமா என்ற கேள்விக்கும் இதில் நிறைவான விடையில்லை.

ஆயினும், நூல் முன்வைக்கும் மூன்று சீர்திருத்தங்களும் இன்றும் நம்மை நோக்கியே நிற்கின்றன. யாரையும் தோற்கடிக்க வேண்டாம். பின்தங்கியவர்க்கு முழுநாளும் கற்பியுங்கள். ஆர்வமற்றவர்க்கு வாழ்வில் ஒரு குறிக்கோள் காட்டுங்கள் என்பவை அவை. மூன்றையும் சேர்த்துக் கொள்ளாவிடில் முதலாவது வெறும் சடங்காகிவிடும். இதற்கு நம் நாடே சான்று. 2009 ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்புவரை எந்தப் பிள்ளையையும் நிறுத்திவைக்கலாகாது என்றது. தேர்ச்சி தரப்பட்டது, கற்பித்தல் அதே அளவுக்கு உயரவில்லை. வாசிக்கத் தெரியாமலே பிள்ளைகள் மேல்வகுப்புக்கு வருகின்றனர் என்ற குறை வலுத்தது. 2019 இல் சட்டம் திருத்தப்பட்டு, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி திறந்தது. அவ்வகுப்புகளுக்கு அறிவித்த பொதுத்தேர்வைத் தமிழ்நாடு 2020 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது. கற்பிக்காமல் தேர்ச்சி தருவதா, கற்பிக்காமல் தோற்கடிப்பதா என்று நாம் வழக்காடிக்கொண்டிருந்தோம். பார்பியானா கேட்டதோ கற்பிப்பதை!

நம் பள்ளிகளைப் பொறுத்தவரை இக்கேள்வி இன்னும் கூர்மையானது. கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மையினர் பள்ளிகளைக் கட்டுப்படுத்தாது என 2014 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 இல் அதே நீதிமன்றத்தின் இருவர் அமர்வு அத்தீர்ப்பைப் பற்றி ஐயம் எழுப்பியது. வழக்கு எப்படி முடியினும், சட்டம் கட்டாயப்படுத்தாத இடத்தில் மனச்சான்று என்ன செய்கிறது என்பதே நம்மைப் பற்றிய கேள்வி. தேர்ச்சி விழுக்காடு குறையுமென்று ஒன்பதாம் வகுப்பு முடிவில் ஒரு பிள்ளையின் கையில் மாற்றுச் சான்றிதழைத் திணிக்கும் பள்ளி, பின்னர்ப் பெறும் நூற்றுக்கு நூறு எந்தக் கணக்கில் சேரும்? தொண்ணூற்றொன்பதோடு வீடு திரும்பிய ஆயன் நூறும் வந்துவிட்டன என்று தட்டி வைப்பானா?

1958 இல் மிலானியின் ‘மேய்ப்புப்பணி அனுபவங்கள்’ என்னும் நூலை விற்பனையிலிருந்து விலக்கத் திருச்சபை ஆணையிட்டது. கடிதம் வெளிவந்த அடுத்த மாதமே, 1967 ஜூன் 26 இல், தம் நாற்பத்து நான்காம் வயதில் அவர் நோயுற்று மறைந்தார். 2017 ஜூன் 20 இல் திருத்தந்தை பிரான்சிஸ் பார்பியானா மலையேறி அவரது கல்லறையருகே செபித்தார். ஒதுக்கப்பட்டவரைத் திருச்சபை தேடிச்சென்று ஏற்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ஒதுக்கப்பட்ட பிள்ளைக்கு அத்தனை ஆண்டுகள் காத்திருக்க இயலாது; அதன் பள்ளிப்பருவம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளே.

அடுத்த முறை பள்ளி ஆண்டு விழாவில் அறிக்கை வாசிக்கப்படும்போது, பெற்றோராகவோ முன்னாள் மாணவராகவோ அமர்ந்திருக்கும் நாம் எழுந்து ஒன்றே ஒன்று கேட்கலாம்: ஆறாம் வகுப்பில் எத்தனை பேர் சேர்ந்தார்கள், பத்தாம் வகுப்புத் தேர்வை எத்தனை பேர் எழுதினார்கள்? இந்த இரண்டு எண்களுக்கும் இடையேதான் ஜான்னி நிற்கிறான்.