தங்காளின் முகம்

பேரூர்க் கனகசபையைப் பார்த்துப் பழகியவனுக்கு வேறு சிற்பம் எளிதில் மனசுக்குப் பிடிக்காது. 17-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் காலத்துச் சிற்பி ஒரு தூணில் யானையை உரித்த சிவனையும் இன்னொரு தூணில் ஆலங்காட்டுக் காளியையும் நிறுத்தியிருக்கிறான். 'கல்லா இது!' என்று வியந்து நிற்கலாம். வீடு, வாசல், வழக்கு எல்லாம் அங்கே மறந்துபோகும்.

அந்தக் கண்ணோடுதான் காங்கேயம் பக்கத்தில் ஓர் அண்ணன்மார் கோயிலுக்குப் போனேன். வெயிலிலும் மழையிலும் நிற்கும் சுதை உருவங்கள். பொன்னருக்கும் சங்கருக்கும் பெரிய மீசை, கையில் வாள். கை உடம்போடு பொருந்தவில்லை. நோம்பிக்காக ஊரார் பூசிய வர்ணம் கண்ணைக் கூசியது. 'கலை என்று சொல்ல இதில் என்ன இருக்கிறது?' என்று உள்ளுக்குள் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

பொங்கல் வைக்க வந்திருந்த கிழவி ஒருத்தி, "ரெண்டு பேர்த்தையும் பாத்தீங்க. அந்தப் புள்ளையப் பாக்கலீங்களே?" என்றாள்.

ஓரமாகத் தங்காள் நின்றாள்.

உடுக்கைப் பாட்டாகக் கொங்கு நாட்டில் தலைமுறைகளாக வழங்கும் கதை இது. 1971-இல் சக்திக்கனல் இதை அச்சிலே கொண்டுவந்தார். 1982-இல் பிரெண்டா பெக் ஆங்கிலத்தில் தனி நூலே எழுதினார். பாடுகிறவருக்குப் பாடுகிறவர் விவரம் மாறும். மாறாதது ஒன்று உண்டு. பங்காளிப் பகையில் தொடங்கும் கதை படுகளத்தில் போய் முடிகிறது. அங்கே தேடிக்கொண்டு வருகிறவள் தங்கை. அவள் நீர் தெளித்து எழுப்புகிறாள். எழுந்தவர்கள் தங்குவதில்லை. மணப்பாறையை அடுத்த வீரப்பூரில் மாசித் திருவிழாவில் இன்றும் இதை நடத்திக் காட்டுகிறார்கள்.

மறுபடி அந்த முகத்தைப் பார்த்தேன். சிற்பி அதில் துக்கம் எதையும் காட்டவில்லை. காட்டத் தெரியாதவனாகவே இருக்கலாம். ஆனால் கதை தெரிந்த கண் அந்த வெறுமையை நிரப்பிவிடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்காரனும் தன் வீட்டுத் துக்கத்தைக் கொண்டுவந்து அங்கே வைக்கிறான்.

நானும் வைத்தேன். கிணற்றுப் பங்கில் எனக்கும் என் அண்ணனுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம். யார் பக்கம் நியாயம் என்று ஊரெல்லாம் பேசியிருக்கிறது. ஆடி நோம்பிக்கு வரும் எங்கள் தங்கை எந்த வீட்டில் முதலில் கை நனைப்பது என்று தெரியாமல், இப்போது வருவதையே நிறுத்திவிட்டாள். அதை யாரும் பேசியதில்லை. நானும் நினைத்ததில்லை.

பேரூர் என்னை என் வீட்டை மறக்கச் செய்தது. அது பெரிய கலை, சந்தேகமில்லை. இந்தச் சுதைப் பெண் என்னை வீட்டுக்கே திருப்பி அனுப்பினாள். பக்தி என்பது கடவுளிடம் எதையாவது கேட்பது என்றுதான் இதுவரை எண்ணியிருந்தேன். கடவுள் நம்மைக் கேட்பதும் உண்டு போலிருக்கிறது. அங்கஅளவை வைத்து அவளுக்கு மதிப்பெண் போட இனி எனக்குத் துணிவில்லை.

அன்று மாலை அண்ணனின் தோட்டத்து வழியாகத்தான் திரும்பினேன். கிணற்று மேட்டில் அவர் நின்றிருந்தார். "தங்கச்சிக்குக் கடுதாசி போடலாமுங்களா?" என்று மட்டும் கேட்டேன்.