நன்னூல் 264: பேடும் அவாவும்

பால்புதுமைக் கோட்பாட்டைத் துணைக்கொண்டு இடைக்காலத் தமிழை வாசிக்கப் புகுவோர் முதலில் நாடுவது பக்திப் பாடல்களின் நாயகி பாவத்தை. ஆண்கவி பெண்குரலில் பேசுவது சங்க அகமரபிலேயே உண்டு. அதனை மட்டும் கொண்டு பால் கடந்த தன்மையை நிறுவுதல் அரிது. அதனினும் உறுதியான சான்று இலக்கணத்தில் உள்ளது. அது 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி இயற்றிய நன்னூலின் 264ஆம் நூற்பா. பவணந்தியின் ஊர் பெருந்துறையை அடுத்த சீனாபுரம் என்பது கொங்கு வழக்கு.

தொல்காப்பியக் கிளவியாக்கம் ஆண்மையினின்று திரிந்தோரைப் பற்றி மட்டுமே பேசுகிறது. அவர்க்குத் தனி ஈறு இல்லை. உயர்திணை ஈற்றையே ஏற்பர். ஆண்பால் ஈறு மட்டும் ஆகாது. நன்னூலார் இருவகையினரையும் காண்கிறார். பெண்மையை விட்டு ஆணை அவாவுவோர் ஆண்பால். ஆண்மையை விட்டுப் பெண்ணை அவாவுவோர் பெண்பால். திரிதல் என்னும் குறைநோக்கு நீங்கி, அவாவே பாலைத் தீர்மானிப்பதாகிறது.

இந்த அவா எதன்மேல் செல்வது? ஒருபாற் காதலுக்குச் சான்றாக இந்நூற்பாவைக் காட்டுதல் பொருந்தாது. பவணந்தி சமணர். சமணத் தத்துவம் உடற்குறியையும் ‘வேதம்’ எனப்படும் பாலுணர்வையும் வேறுபடுத்தும். ஆணை விழைவது அங்கே பெண்வேதம். நன்னூலிலோ ஆணை அவாவுவோர் ஆண்பால். ஆகவே இங்கு அவாவப்படுவது துணையன்று, தன்மை, ஆணாதலும் பெண்ணாதலுமே. ‘விட்டு’ என்னும் எச்சமும் இதற்கே இயைகிறது, விடப்படுவதும் தன்மையே ஆதலின்.

இடர் நூற்பாவின் இறுதியில் உள்ளது. இவ்விருவகையும் அஃறிணை போலவும் வரும் என்கிறார் பவணந்தி. முற்பகுதியை மட்டும் எடுத்துக்காட்டித் தமிழ்மரபின் தாராளத்தைப் போற்றுவது நேர்மையான வாசிப்பாகாது. ‘குழந்தை வந்தது’ என்பதுபோல் இதுவும் சொல்நோக்கிய முடிபே எனச் சமாதானம் கூறலாம். பேடு என்னும் சொல்வடிவம் அதற்கு இடம் தருகிறது. ஆயினும் குழந்தை வளர்ந்தபின் அம்முடிபு நீங்கும், பேடுக்கு நீங்குவதில்லை. தொல்காப்பியம் உயர்திணைக்குள்ளேயே நிறுத்தியோரை நன்னூல் திணையின் வாயிலுக்குக் கொண்டுவந்திருக்கிறது. விரும்பிய பாலை வழங்கிய அதே நூற்பாவில் இது நிகழ்கிறது.

2022 ஆகஸ்டில் தமிழக அரசு வெளியிட்ட சொற்பட்டியல் மதிப்புக்குரிய பெயர்களைத் தந்தது. வினைமுடிபு அதன் எல்லைக்கு அப்பாற்பட்டது. நன்னூலார் கைவைத்தது அவ்விடத்தில்தான்.