வட்டியில் வாழும் நினைவு

குரோம்பேட்டை எம்.ஐ.டி. ஒரு வீட்டை விற்ற பணத்தில் எழுந்த கல்லூரி. சி. ராஜம் தமது 'இந்தியா ஹவுஸ்' மாளிகையை விற்று 1949-இல் அதைத் தொடங்கினார். சில ஆண்டுகள் கழித்து அங்கே இடம் கிடைத்த ராமேசுவரத்து மாணவர் அப்துல் கலாமிடம் சேர்க்கைக்குக் கட்ட ஆயிரம் ரூபாய் இல்லை. அக்கா ஜோகராவின் வளையலும் சங்கிலியும் அடகுக்குப் போயின. உள்ளே போன பிறகு அவருக்கு உதவித்தொகை கிடைத்தது. வாசலில் நின்றபோது கிடைக்கவில்லை. ராஜத்தின் பெருந்தன்மையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கொடுத்த பணம் எந்த நேரத்தில், யார் கைக்குப் போய்ச் சேர்கிறது என்பதே இங்கே கேள்வி.

தாம்பரம், பல்லாவரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் இறந்தவர் பெயரில் நிதி வைப்பது பழகிப்போன காரியம். ரயில்வே, விமானப்படை, பள்ளிக்கூடம், வங்கி என்று வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள் நிறைந்த பகுதி இது. பிள்ளைகள் பலர் வெளிநாட்டில். அப்பாவின் வருடத் திதிக்கு வரும்போது, அவர் பாடம் நடத்திய பள்ளியிலோ படித்த கல்லூரியிலோ ஒரு தொகையைக் கட்டிவிட்டு விமானம் ஏறுகிறார்கள். முதலைத் தொடக் கூடாது, வட்டியில் ஆண்டுதோறும் பரிசு தர வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. கோயில் என்றால் அன்னதானம். அறநிலையத் துறைக் கோயில்களில் 2002-இல் தொடங்கிய அன்னதானத் திட்டத்திலும் நிரந்தர வைப்பாகப் பணம் கட்டி, நினைவு நாளில் சாப்பாடு போடச் சொல்லலாம்.

இதை வெறும் பெயராசை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. துக்கம் ஊருக்குப் பயன்பட்ட கதை நம் பக்கத்திலேயே இருக்கிறது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை புற்றுநோயில் இறந்தார். அந்த இழப்பை மனத்தில் வைத்திருந்து, பல ஆண்டுகள் ஊரூராகப் பணம் திரட்டி, 1954-இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். துக்கத்தில் பிறக்காவிட்டாலும், தனியாள் தொடங்கி ஊருக்கு நிலைத்த இன்னொன்று தாம்பரத்திலேயே உண்டு. காசநோய்க்குச் சரியான மருந்தில்லாத 1928-இல் டாக்டர் சௌரிமுத்து இங்கே ஒரு சானடோரியம் கட்டினார். 1937-இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ரயில் நிலையத்துக்கே 'சானடோரியம்' என்று பெயர். கட்டியவர் பெயரைக் கேட்டால் பிளாட்பாரத்தில் நிற்பவர்களில் எத்தனை பேருக்குச் சொல்லத் தெரியும்?

தங்கையின் பெயரை அந்த மருத்துவமனைக்கு வைக்கவில்லை. சௌரிமுத்துவின் பெயர் பலகையில் இல்லை. இரண்டும் நிலைத்தன. தனியாளின் முதலோடு நின்றுவிடாமல், பொதுமக்கள் பணமோ அரசுப் பணமோ வந்து சேர இரண்டும் இடம் கொடுத்தன. தொடங்கியவர்களுக்குப் பின்னாலும் அவை ஓடுவதற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நம் சிறு நினைவு நிதிகள் இதற்கு நேர்மாறான அமைப்பு. ஒரு லட்சம் ரூபாயை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் ஆண்டுக்கு 7,000 வரும். விலைவாசி ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். இருபதாம் ஆண்டில் அந்த 7,000-க்கு இன்றைய கணக்கில் 2,640 ரூபாய்ச் சாமான்தான் வாங்கலாம். நிதியின் வலு குறையாமல் இருக்க வேண்டுமென்றால், வரும் வட்டியில் 5,000-ஐ முதலோடு சேர்த்துவிட்டு 2,000-ஐ மட்டும் செலவழிக்க வேண்டும். 'வட்டி முழுவதும் பரிசுக்கே' என்று எழுதிக் கொடுத்தவர் அதற்கு வழி வைக்கவில்லை. தனியாக டிரஸ்ட் பதிவு செய்தவருக்கோ சட்டம் வழி விடுவதில்லை. வரிச் சலுகை வேண்டுமானால் ஆண்டு வருமானத்தில் 85 சதவீதத்தை அறப்பணிக்குச் செலவிட்டாக வேண்டும். நிபந்தனையில்லாமல் ஒதுக்கக்கூடியது 15 சதவீதம். நம் கணக்கில் 1,050 ரூபாய். அதற்கு மேல் சேர்த்துவைக்க, இன்ன காரியத்துக்கு என்று எழுதிக் கொடுத்து ஐந்தாண்டு வரை அவகாசம் வாங்கலாம், அவ்வளவுதான். நேரடியாகப் பங்குகள் வாங்க அனுமதியில்லை. மியூச்சுவல் ஃபண்டு வாங்கலாம் என்றாலும், ஊரார் பணத்தை வைத்திருக்கும் எந்தப் பொருளாளருக்கு அந்தத் துணிச்சல் வரும்? பேங்க் டெபாசிட்டிலேயே காலம் ஓடுகிறது.

சோழர் காலத்தார் இந்த விஷயத்தில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். விமான நிலையத்துக்கு எதிரே திரிசூலம் கோயிலில் அந்தக் காலத்துக் கல்வெட்டுகள் உண்டு. அன்றைய நடைமுறையில், ஒரு நந்தா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விட்டார்கள். அவற்றை ஏற்ற இடையர் நாளுக்கு ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழியும், குட்டி சேரும், மந்தை குறையாது. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதிவைத்தார்கள். கொடை ஆடாக இருந்தது, பயன் நெய்யாக வந்தது. காசு மதிப்பிழந்தாலும் விளக்குக்கு நெய் குறையாது. ஆனாலும் பெரும்பாலான கோயில்களில் அந்த ஆடும் இல்லை, நெய்யும் இல்லை. விலைவாசியை வென்ற ஏற்பாடு, அரசு மாறி ஆள் மாறியபோது நின்றுபோனது.

மதிப்புக் குறைவதைவிடப் பெரிய கோளாறு நோக்கத்தைப் பூட்டி வைப்பது. முதல் மதிப்பெண் எடுக்கிற பிள்ளைக்குப் பரிசு என்பார்கள். அந்தப் பிள்ளைக்குப் பெரும்பாலும் டியூஷன் வைக்க வீட்டில் வசதி இருக்கும். கட்டணம் கட்ட முடியாமல் பாதியில் நிற்கப்போகிற பிள்ளை அந்தப் பட்டியலில் வருவதே இல்லை. சில நிதிகள் இன்ன சாதிப் பிள்ளைக்கு மட்டும் என்று எழுதப்படுகின்றன. சொந்தக்காரர்களுக்குள் சுற்றும் பணத்தை ஊருக்குச் செய்த தருமம் என்று ஏற்க என்னால் முடியவில்லை. கல்லூரிகளிலும் ஆய்வு நிறுவனங்களிலும் நடக்கும் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளைப் பாருங்கள். பேச்சாளருக்குப் பொன்னாடையும் ஆட்டோ செலவும் தந்தால் வட்டி தீர்ந்துவிடுகிறது. கூட்டம் சேர்க்க வகுப்பை நிறுத்திப் பிள்ளைகளை உட்கார வைக்கிறார்கள். மறைந்தவருக்கு இது மரியாதையா?

நோக்கம் திருப்பிவிடப்பட்டதால் பெரும்பயன் விளைந்த சான்றும் நம்மிடமே உண்டு. பச்சையப்ப முதலியார் 1794-இல் இறந்தார். கோயில் கைங்கரியங்களுக்கும் தருமங்களுக்கும் அவர் எழுதிவைத்த சொத்து வழக்கில் சிக்கிக் கிடந்தது. கடைசியில் நீதிமன்றம் தலையிட்டு வகுத்த திட்டத்தால்தான் 1842-இல் அவர் பெயரில் பள்ளி வந்தது, பிறகு கல்லூரிகள் வந்தன. இறந்தவர் கை பணத்தை இறுக்கிப் பிடித்திருக்கக் கூடாது என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் பிரெடெரிக் காஃப் என்ற வங்கியாளரும் நினைத்தார். 1914-இல் அவர் ஊருக்கென்று ஒரே நிதியை அமைத்தார். பலர் கொடுத்தது ஒன்றாகச் சேரும். கொடுத்தவர் பெயர் இருக்கும். எதற்குச் செலவிடுவது என்பதை அந்தந்தக் காலத்து ஊர்க்குழு முடிவு செய்யும். பச்சையப்பர் வழக்கில் நீதிமன்றம் அரை நூற்றாண்டு எடுத்துச் செய்ததை, இந்த ஏற்பாட்டில் ஒரு கூட்டத்தில் முடிக்கலாம்.

2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. முதல் மதிப்பெண்ணுக்கென்று பூட்டிய வைப்புத்தொகை எத்தனை லட்சம் இருந்திருந்தாலும், அதிலிருந்து ஒரு படகை வாடகைக்கு எடுக்க எந்தத் தலைமையாசிரியருக்கும் உரிமை இல்லை. பொது நிதி ஒன்று இருந்திருந்தால் அன்றே கை நீட்டியிருக்கும்.

பொது நிதிக்கும் ஆபத்து உண்டு. குழுவில் யார் உட்காருவது? ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் சேர்ந்து 2021-இல் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு 70 வார்டுகள். கட்சிக்காரர் கையில் போனால் பணம் எப்படிப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மகாராஷ்டிரத்தில் 1950-ஆம் ஆண்டுச் சட்டப்படி அறக்கட்டளைகளைக் கண்காணிக்கத் தனி ஆணையர் இருக்கிறார். தமிழ்நாட்டில் அறநிலையத் துறைக்கும் வக்பு வாரியத்துக்கும் வெளியே உள்ள பொது அறக்கட்டளைகளுக்கு அப்படி ஒருவர் இல்லை. தவறு நடந்தால் அக்கறையுள்ள இருவர் சேர்ந்து நீதிமன்ற அனுமதி வாங்கி வழக்குப் போட வேண்டும். ஒரு லட்ச ரூபாய் நிதிக்காக யார் வழக்குப் போடுவார்? கொடுத்தவர் இறந்துவிட்டார், மகன் டெக்சாஸில், கணக்குக் கேட்க ஆளில்லை. சிறு நிதிகள் சத்தமில்லாமல் காணாமல் போவது இப்படித்தான்.

ஆகவே என் முடிவு இது. ஒரு லட்சம், இரண்டு லட்சம் வைத்துக்கொண்டு அழியாத நிதி அமைக்கப் புறப்படுவது வீண். அந்தத் தொகைக்கு நிரந்தரம் என்ற நிபந்தனையே பகை. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் முதலும் வட்டியும் செலவாகித் தீரட்டும். அதற்குள் சில பிள்ளைகள் படித்து வெளியே வந்துவிடுவார்கள். நிரந்தரம்தான் வேண்டுமென்றால் நாலு தெருக்காரர்கள் சேர்ந்து ஒரே நிதியாக்குங்கள். நன்றாக நடக்கிற, தணிக்கைக் கணக்கை வெளியிடுகிற ஏதாவது நிறுவனத்தோடு அதை இணையுங்கள்.

அப்பா பெயரில் பணம் கட்ட இந்த ஆண்டு ஊருக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கடிதத்தில் 'முதல் மதிப்பெண்' என்ற சொற்களை அடித்துவிட்டு, 'சேர்க்கைக் கட்டணம் கட்ட முடியாத மாணவருக்கு, ஜூன் மாதத்திலேயே' என்று எழுதுங்கள். 'இந்தத் தேவை இல்லாமல் போனால் பள்ளி வேறு நல்ல காரியத்துக்குத் திருப்பிக்கொள்ளலாம்' என்று அதன் கீழே இன்னொரு வரி சேர்த்து, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.