உதறும் எஞ்சினைக் கேட்பது

பூனாகலை மலைப்பாதை வளைவுகளில் ஒழுங்காக ஏறி இறங்கும் பழைய மாருதி 800, நிறுத்தியதும் உதறுகிறது என்றால், நோயைப் பிடிக்க அந்த உதறலே சரியான இடம். ஐட்லிங்கில் திராட்டில் ஏறக்குறைய மூடியிருக்கும், உறிஞ்சும் விசை மிகுந்திருக்கும். வெடித்த வெக்குவம் குழாய் வழியே நுழையும் சொற்பக் காற்றே கலவையைக் கெடுத்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் பெருங்காற்றில் அந்தக் கசிவு மறைந்துபோகும். இருப்பதே மூன்று சிலிண்டர். நல்ல மெக்கானிக் பாஸ் பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கேட்பார். எதைக் கழற்றும்போது சத்தம் மாறவில்லையோ அங்கேதான் கோளாறு. பிறகு பிளக்கின் நுனி பேசும். பெட்ரோலில் நனைந்திருந்தால் பெரும்பாலும் பொறி வரவில்லை. உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் மிகுதி; காற்று மெலிந்த இம்மலையில், கீழே டியூன் செய்த காபரேட்டருக்கு அது சகஜம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ரிங் அல்லது வால்வு சீல்.

ஸ்கேனர் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்பார்கள். புதிய வண்டியில் பி0302 என்ற குறியீடு கோளாறு இரண்டாம் சிலிண்டரில் என்று சொல்லும், காரணம் சொல்லாது. அதன் கொயிலை முதல் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டபின் பி0301 வந்தால்தான் பழி கொயில்மீது விழும். வயரைக் கழற்றுவது ஆபத்து என்ற மறுப்பு நியாயமானது: ஷாக் அடிக்கும், எரியாத பெட்ரோல் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கெடுக்கும். புதிய வண்டியில் இன்ஜெக்டர் சொக்கெட்டைக் கழற்றினால் அதே விடை கிடைக்கும். கண்ணை மூடிக்கொண்டு மூன்று பிளக்கையும் மாற்றச் சொல்வதைத்தான் ஏற்க முடியாது. கேஸ்கட் கசிந்தால் புதுப் பிளக்கோடும் வண்டி உதறும். காசு போவது தோட்டத்துக் குடும்பத்துக்கு.